நீலமலையில் மூன்று நாட்கள்

கோடை பிறந்துவிட்டால் மயிலையிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வாழும் நமக்கு மலைநாட்டின் நினைவு வந்துவிடும். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடரில் கீட்டோ, கூஸ்கோ என்னும் நகரங்கள் மேகங்களுக்கு நடுவே அமைந்துள்ளன என்று படிக்கிறோம். அவற்றைக் காணும் வாய்ப்பு நம்மில் பலருக்குக் கிட்டாது. ஆயினும் அந்த ஆண்டீசுக்கும் நம் உதகமண்டலத்துக்கும் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. பங்குக் குடும்பங்கள் சிலவற்றுடன் உதகைக்குச் சென்றபோது அவ்வுறவையும் தேடிக் கண்டுவந்தோம்.

இரவில் சென்னை சென்ட்ரலில் நீலகிரி விரைவு வண்டி ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து மலை ரயில். இப்பாதை 1899-இல் குன்னூரையும், 1908-இல் உதகையையும் எட்டியது. 46 கிலோமீட்டர் தொலைவில் 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள்! கல்லாறு முதல் குன்னூர் வரை, தண்டவாளங்களின் நடுவே உள்ள பல்சட்டத்தைப் பற்றிக்கொண்டு எஞ்சின் பெட்டிகளைப் பின்னிருந்து தள்ளுகிறது. சிறுவர்கள் ஒவ்வொரு குகையிலும் எழுப்பிய ஆரவாரத்தில் ஐந்து மணி நேரம் போனதே தெரியவில்லை.

உதகை கடல் மட்டத்துக்குமேல் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. கீட்டோவின் உயரம் 2,850 மீட்டர். ஏரியையும் தாவரவியல் பூங்காவையும் முதல் நாளே கண்டோம். மறுநாள் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா சிகரம் ஏறினோம். பலரும் பனியையும் பள்ளத்தாக்கையும் கண்டு மகிழ்ந்து திரும்பும் இம்மலைச் சரிவில்தான் ஆண்டீசின் மரம் ஒன்று வந்து வேரூன்றியது.

அதன் பெயர் சிங்கோனா. அதன் பட்டை காய்ச்சலைத் தணிக்கும் என்பதைத் தென் அமெரிக்காவில் அறிந்த இயேசு சபையார், பதினேழாம் நூற்றாண்டில் அதனை உரோமைக்குக் கொண்டுவந்தனர். ‘இயேசு சபையார் பட்டை’ என்றே அது பெயர் பெற்றது. 1820-இல் பிரெஞ்சு வேதியியலார் இருவர் அப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்த மருந்தே, நம் பாட்டிமார் ‘கொயினா’ என்று அழைத்த கைப்பு மருந்து. மலேரியா இந்நாட்டை வாட்டிய காலத்தில், ஆங்கில அரசு கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்பவரை ஆண்டீசுக்கு அனுப்பியது. 1860-இல் அவர் கொணர்ந்த நாற்றுகளில் பெரும்பாலானவை வாடிப்போயின. சிம்பொராசோ மலைச் சரிவுகளில் ரிச்சர்டு ஸ்புரூஸ் திரட்டி அனுப்பிய விதைகள் 1861-இல் வந்தன. அவை மக்கைவர் என்பவரின் பராமரிப்பில் செழித்தன. பூங்காவை உருவாக்கியவரும் அவரே.

மூன்றாம் நாள், கூடலூர்ச் சாலையில் உள்ள நடுவட்டம் சென்றோம். அங்கே பழைய சிறைக் கட்டடம் ஒன்று நிற்கிறது. மலேயாப் பகுதியின் ஆங்கிலக் குடியேற்றங்களிலிருந்து அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் இவ்வூரில் அடைக்கப்பட்டு, சிங்கோனாத் தோட்ட வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர். விடுதலை பெற்ற சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து அருகிலேயே குடியமர்ந்தனர். பல்லாயிரம் உயிர்களைக் காத்த மருந்துக்காக இக்குளிரில் குழி தோண்டிய அவர்களை யார் நினைக்கிறார்கள்? கூட வந்த தாய்மார், “ஒருவர் பெயர்கூட இங்கே எழுதியில்லையே, சாமி?” என்று கேட்டபோது நம்மிடம் விடையில்லை.

தோமையாரின் கல்லறையருகே வாழும் நமக்கு மற்றொரு செய்தியும் உரியது. தோமையார் வழிவந்த கிறிஸ்தவர்கள் இம்மலைமேல் வாழ்கின்றனர் என்று கேள்வியுற்று, 1603-இல் இயேசு சபைக் குரு ஜாக்கோமோ ஃபெனிசியோ கேரளப் பக்கமிருந்து காட்டு வழியே ஏறி வந்தார். கிறிஸ்தவர் எவரையும் அவர் காணவில்லை. எருமை மேய்க்கும் தோடர்களைக் கண்டார். தேடியது கிட்டவில்லையென்று முகம் திருப்பாமல், அவர்களோடு உரையாடி, அவர்கள் வாழ்வையும் வழக்கத்தையும் மடலாக எழுதினார். தோடரைப்பற்றி ஐரோப்பியர் எழுதிய முதற்குறிப்பு அதுவே.

தோடர்கள் இன்றும் உளர். 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். பூங்காவின் மேற்புறமே அவர்களுடைய மந்து ஒன்று இருக்கிறது. அவர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகளில் பெரும்பகுதியைத் தேயிலையும் தைலமரமும் சீகை மரமும் பிடித்துக்கொண்டன. எஞ்சியதை இப்போது நம் வண்டிகள் நெருக்குகின்றன. அதனாலேயே உயர் நீதிமன்ற ஆணைப்படி, 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. “நாம் சுற்றிப் பார்க்கவும் அனுமதியா?” என்று முணுமுணுப்போர் உண்டு. மலை நமக்குக் கோடை விடுதி. அவர்களுக்கோ அதுவே வீடு என்பதை எண்ணிப் பார்ப்போம்.

அடுத்த கோடையில் உதகை செல்வோர் ஒரு நாளை நடுவட்டத்துக்கென ஒதுக்கி வையுங்கள். தோடப் பெண்கள் கறுப்பு, சிவப்பு நூலால் பூவேலை செய்யும் போர்வையை, பேரம் பேசாமல் அவர்களிடமே வாங்குங்கள். பிள்ளைகளுக்குச் சிங்கோனாவின் கதையையும், அதை நட்ட கைகளின் கதையையும் சொல்லுங்கள்.