ஜாடிக்குள் இருந்த நுரையீரல்

புதுக்கோட்டையிலிருந்து தெற்கே 20 கிலோமீட்டரில் திருமயம். அங்கிருந்து உள்ளே பிரியும் மண்சாலையில், கல் உடைக்கும் கிரஷருக்கு எதிரே இருந்த டீக்கடையில் காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். டீ 12 ரூபாய். கிளாஸ் வைத்த பலகையில் விரலை இழுத்தால் கோடு விழுந்தது. வேப்பமரத்து இலைகூட வெளுத்துக் கிடந்தது.

என் சித்தப்பா இந்தப் பக்கத்துக் குவாரிகளில் 22 வருஷம் கல்லில் குழி போட்டவர். விடாத இருமல், எடை இறங்கியது, சளியில் ரத்தம் கோடாக வந்தது. சளியில் டி.பி. கிருமி இல்லை என்று முடிவு வந்த பிறகும், எக்ஸ்ரேயில் தெரிந்த நிழலை நம்பி ஆறு மாதம் டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். நிழல் வளர்ந்தது. குரல் கம்மிப் போன பிறகுதான் சதை எடுத்துச் சோதித்தார்கள். நுரையீரல் புற்றுநோய். அடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை. அந்த நோய் எப்படித்தான் இருக்கும் என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றே கிளம்பியிருந்தேன்.

"தூசி ஒண்ணும் பண்ணாது தம்பி. சாயங்காலம் ஒரு துண்டு வெல்லம் தின்னா எல்லாம் இறங்கிரும்" என்றார் பக்கத்தில் இருந்த டிரில்லர். ஐம்பதைத் தாண்டியவர். வெல்லம் போவது இரைப்பைக்கு, தூசி போவது மூச்சுக்குழாய்க்கு. கல்தூசியில் உள்ள சிலிக்கா புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே சொல்லிவிட்டது. அவர் பீடியும் பற்றவைத்தார். அப்போதுதான் விரல்களைக் கவனித்தேன். நுனிகள் மேளக்குச்சி போல உருண்டு, நகங்கள் வளைந்து புடைத்திருந்தன. "சுத்தியல் பிடிச்ச கை" என்றார்.

புதுக்கோட்டைக்குத் திரும்பி, மருத்துவக் கல்லூரிக்காக முள்ளூர் போகும் பஸ் ஏறினேன். டிக்கெட் 10 ரூபாய். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து, 1954-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் பிறந்தது இதே புதுக்கோட்டையில்தான். முள்ளூரில் இருப்பது 2017-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி.

நோயியல் துறையில் ஃபார்மலின் நெடி கண்ணைக் கரித்தது. மாணவர்களுக்காக வைத்திருக்கும் ஜாடிகளில் ஒன்றின் முன்னால் வெகுநேரம் நின்றேன். நீளவாக்கில் அறுத்த நுரையீரல். கடற்பஞ்சு போல நுண்துளைகள், இடையிடையே கரித்திட்டுகள். நடுவில் மூச்சுக்குழாயை ஒட்டி, எலுமிச்சை அளவுக்குச் சாம்பல் வெள்ளையாக ஒரு கட்டி. ஓரம் சீராக இல்லை, வேர் விட்டது போல உள்ளே இறங்கியிருந்தது. குழாயின் வாய் நசுங்கி, ஒரு தீக்குச்சி நுழையும் அளவுக்குத்தான் மிச்சம். சித்தப்பா இரவெல்லாம் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கியது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"எக்ஸ்ரேல டி.பி.யும் கட்டியும் சில சமயம் ஒரே மாதிரி இருக்கும் சார். சதையைப் பார்த்தாத்தான் தெரியும்" என்ற மருத்துவர், என்னை மைக்ரோஸ்கோப் முன் உட்காரவைத்தார். எடுத்த துணுக்கை மெழுகில் பதித்து, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றுகிறார்கள். முதல் ஸ்லைடு ஸ்குவாமஸ் வகை: வெங்காயத்தை அறுத்தது போல இளஞ்சிவப்புச் சுழிகள். புகைப்பவர்களுக்கு, பெரிய குழாய்களை ஒட்டி அதிகம் வருவது. அடுத்தது அடினோகார்சினோமா. கோணல்மாணலான சிறு வளையங்கள், சிலவற்றுக்குள் சளி. பெரும்பாலும் நுரையீரலின் ஓரத்தில் முளைக்கும். பீடியைத் தொட்டே பார்க்காத பெண்களுக்கும் வரும். இதில் சிலருக்கு மரபணுச் சோதனை செய்து மாத்திரையாலேயே கட்டுப்படுத்த முடிகிறது. மூன்றாவது ஸ்மால் செல். கேழ்வரகைக் கொட்டியது போலக் கருநீலப் புள்ளிகள், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு. கண்டுபிடிக்கும்போதே பெரும்பாலும் பரவியிருக்கும் என்றார்.

டிரில்லரின் விரலைப் பற்றிச் சொன்னேன். இரண்டு ஆட்காட்டி விரல் நகங்களையும் முதுகோடு முதுகாக ஒட்டவைத்துக் காட்டினார். அடியில் சின்னதாக ஒரு இடைவெளி. "அது இல்லைன்னா புற்றுநோய்னு அர்த்தமில்ல, வேற நெஞ்சு நோயும் இருக்கலாம். ஆனா எக்ஸ்ரே எடுத்தே ஆகணும்."

ஐந்தரை மணிக்கு மறுபடி திருமயம். அதே பெஞ்சில் இருந்தார். விரல்களைச் சேர்க்கச் சொன்னேன். நகங்களுக்கு நடுவே வெளிச்சம் தெரியவில்லை.

"நாளைக்குக் காலையில நானும் வர்றேன்ணே, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வருவோம்" என்றேன்.

விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாளைக்கு லோடு இருக்கு தம்பி. வியாழக்கிழமை போவோம்."