வயதைக் குறைத்துச் சொல்லும் சர்வர்

ஸ்க்வீஸ்பாக்ஸ் என்றொரு பாட்டுப்பெட்டி. ஐபாட் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், இதைப் பலர் கேள்வியே பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வயது. முதல் ஐபாட் வந்தது 2001-ல். கலிஃபோர்னியாவில் ஷான் ஆடம்ஸ் தொடங்கிய ஸ்லிம் டிவைசஸ் என்ற சின்ன கம்பெனி, ஸ்லிம்பி3 என்ற தன் முதல் பெட்டியை விற்க ஆரம்பித்ததும் அதே 2001-ல்தான். இரண்டு வருடம் கழித்து வந்த அதன் தம்பிக்குத்தான் ஸ்க்வீஸ்பாக்ஸ் என்று பெயர். இன்றைக்கு அந்த முதல் ஐபாடைப் புதுக் கணினியில் செருக வேண்டுமென்றால் ஃபயர்வயர் வயருக்கு எங்கே போவது? ஸ்க்வீஸ்பாக்ஸ் அப்படி இல்லை. வயரை மாட்டினால், அது பிறந்தபோது யாரும் கனவு கூடக் கண்டிராத சேவைகளிலிருந்து பாட்டு எடுத்துப் பாடும்.

எப்படி என்று கேட்டால், பெட்டி அவ்வளவு முட்டாள் என்பதுதான் பதில். :-)

பெட்டிக்குள் பாட்டு கிடையாது. பாட்டுப் பட்டியல் கிடையாது. மூளை முழுவதும் வீட்டில் வேறொரு கணினியில் ஓடுகிற சர்வரில் இருக்கிறது. கரண்ட் கொடுத்ததும் பெட்டி செய்யும் முதல் வேலை, "இங்கே சர்வர் யாராவது இருக்கிறீர்களா?" என்று வீட்டு நெட்வொர்க் முழுவதும் கேட்கும்படி கூவுவது. 3483 என்ற போர்ட்டில் இது நடக்கும். சர்வர் குரல் கொடுத்ததும், ஹெலோ என்ற சின்னச் செய்தியில் தன் மாடலையும் முகவரியையும் சொல்லிவிட்டுக் கைகட்டி நிற்கும். அதற்குப் பிறகு சொந்த புத்தி என்று எதுவும் இல்லை. ரிமோட்டில் ஒரு பட்டனை அமுக்கினால் அது எந்தப் பட்டன் என்பது கூடப் பெட்டிக்குத் தெரியாது. வந்த அகச்சிவப்புக் குறியீட்டை அப்படியே சர்வருக்குத் தள்ளிவிடும். சர்வர் அதற்கு அர்த்தம் கண்டுபிடித்து, திரையில் என்ன தெரிய வேண்டுமோ அதைத் தானே வரைந்து, படமாகத் திருப்பி அனுப்பும். 2005-ல் வந்த ஸ்க்வீஸ்பாக்ஸ் 2-ன் திரை 320-க்கு 32 புள்ளிகள். அத்தனை புள்ளிகளில் எது எரிய வேண்டும், எது அணைய வேண்டும் என்பதெல்லாம் அடுத்த அறையில் இருக்கும் கணினி போடுகிற உத்தரவு. பாட்டும் அப்படியே. "இந்த இடத்தில் இருக்கிறது, இந்த வடிவத்தில் வரும், எடுத்துக்கொள்" என்று சர்வர் சொல்லும். வலைப்பக்கத்தைத் திறக்கிற அதே எச்டிடிபி வழியில் பெட்டி அதை இழுத்துப் பாடும்.

இதைப் படிக்கும்போது பலவீனம் மாதிரி தெரியும். சர்வர் இல்லையென்றால் பெட்டி வெறும் அலங்காரப் பொருள்தானே? உண்மைதான். ஆனால் புது வசதி வேண்டும் என்றால் பெட்டியைத் தொடவே வேண்டாம், சர்வரை மாற்றினால் போதும் என்பதும் அதே அமைப்பிலிருந்து வந்த வரம். அந்த சர்வரையும் ஸ்லிம் டிவைசஸ் ஜிபிஎல் உரிமத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்துவிட்டது. பெர்ல் மொழியில் எழுதிய நிரல். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். அன்றைக்கு அதைப் பெரிய தொலைநோக்கு என்று யாராவது நினைத்திருப்பார்களா தெரியாது, இன்றைக்குப் பெட்டிகள் உயிரோடு இருப்பது அந்த ஒரு முடிவால்தான்.

ஏனென்றால் கம்பெனி நிலைக்கவில்லை. 2006-ல் லாஜிடெக் ஸ்லிம் டிவைசஸை 2 கோடி டாலருக்கு வாங்கியது. 2008-ல் டூயட், பூம், அதன் பிறகு ரேடியோ, டச் என்று அழகான பெட்டிகள் வரிசையாக வந்தன. 2012-ல் லாஜிடெக் கடையைச் சாத்திவிட்டது. சர்வரின் பெயரும் அரசியல் கட்சி மாதிரி மாறிக்கொண்டே வந்தது. முதலில் ஸ்லிம்சர்வர், பிறகு ஸ்க்வீஸ்சென்டர், பிறகு ஸ்க்வீஸ்பாக்ஸ் சர்வர், பிறகு லாஜிடெக் மீடியா சர்வர். 2024-ல் லாஜிடெக் பெயரையும் கழற்றிவிட்டு லிரியான் மியூசிக் சர்வர் என்று ஆகியிருக்கிறது. எல்எம்எஸ் என்ற சுருக்கம் மட்டும் மாறாமல் தப்பியது. பழக்கத்தை விட மனசு வரவில்லை போலும்.

சரி, 20 வருடத்தில் வெளி உலகம் என்னவெல்லாம் மாறியது, சர்வர் அதை எப்படிச் சமாளித்தது என்று பார்ப்போம்.

முதலில் கோப்பு வடிவம். ஸ்லிம்பி3-க்கு எம்பி3 தவிர வேறு எதுவும் ஜீரணமாகாது. ஃபிளாக் கோப்பைக் கொடுத்தால் சர்வர் அதைப் பிரித்து, லேம் என்ற நிரலால் போகிற போக்கில் எம்பி3 ஆக்கி ஊட்டும். 2003 பெட்டிக்கு எம்பி3-யோடு சுருக்காத ஒலியும் புரியும் என்பதால், அதற்குப் பிரித்ததை அப்படியே அனுப்பினால் போதும். இன்றைக்கு 192 கிலோஹெர்ட்சில் ஆல்பம் விற்கிறார்கள். 2005 கடைசியில் வந்த ஸ்க்வீஸ்பாக்ஸ் 3-க்கு 48 கிலோஹெர்ட்ஸ்தான் எல்லை. சாக்ஸ் என்ற இன்னொரு நிரல் நடுவில் நின்று அளவைக் குறைத்துக் கொடுக்கும். எந்தப் பெட்டிக்கு எது ஒத்துக்கொள்ளும் என்ற கணக்கு சர்வரிடம் இருக்கிறது, வீட்டில் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு காரம் போட வேண்டும் என்று தெரிந்த சமையல்காரர் மாதிரி.

அடுத்தது எச்டிடிபிஎஸ். இணைய வானொலிகள் ஒவ்வொன்றாகப் பூட்டுப் போட்ட இணைப்புக்கு மாறின. அந்தப் பூட்டைத் திறக்கிற கணக்கெல்லாம் பழைய பெட்டியின் சின்ன சிப்புக்குத் தெரியாது. முன்பெல்லாம் பெட்டி நேரடியாக வானொலி நிலையத்துக்கே போய்ப் பாட்டை இழுத்துக்கொள்ளும். இப்போது சர்வர் நடுவில் உட்கார்ந்து பூட்டைத் திறந்து, வீட்டுக்குள் மட்டும் திறந்த இணைப்பில் பெட்டிக்குக் கொடுக்கிறது. பிபிசி வானொலி 2015-ல் தன் பழைய விண்டோஸ் மீடியா ஒலிபரப்பை நிறுத்தியபோது உலகம் முழுவதும் எத்தனையோ இணைய ரேடியோப் பெட்டிகள் ஊமையாகின. ஸ்க்வீஸ்பாக்ஸ்காரர்களுக்கு ஒரு செருகுநிரல் போதுமாக இருந்தது.

ஸ்பாட்டிஃபை கதை இன்னும் சுவாரசியம். வெளி ஆட்கள் தங்கள் மென்பொருளில் ஸ்பாட்டிஃபையைச் சேர்க்க லிப்ஸ்பாட்டிஃபை என்ற நூலகத்தை அந்த நிறுவனமே கொடுத்திருந்தது. 2015-ல் அதை இனிமேல் பேணுவதில்லை என்றார்கள். 2022-ல் மொத்தமாக அணைத்துவிட்டார்கள். அதற்குள் ஆர்வலர்கள் ஸ்பாட்டிஃபை எப்படிப் பேசுகிறது என்பதை வெளியிலிருந்தே ஆராய்ந்து, லிப்ரெஸ்பாட் என்று ஒன்றை ரஸ்ட் மொழியில் எழுதி வைத்திருந்தார்கள். ஸ்பாட்டி என்ற செருகுநிரல் அதை எல்எம்எஸ்ஸுக்குள் கொண்டுவந்தது. பணம் கட்டிய கணக்கு வேண்டும், அவ்வளவுதான். விளைவைப் பாருங்கள்: 2008-ல் தொடங்கிய ஒரு சேவையின் பாட்டை 2003-ல் செய்த பெட்டி பாடுகிறது. பெட்டியைக் கேட்டால் ஸ்பாட்டிஃபை என்றால் என்ன என்று கேட்கும். அதற்குத் தெரிந்ததெல்லாம் சர்வர் ஏதோ ஊட்டுகிறது என்பதுதான்.

இப்போது தலைப்பு விஷயத்துக்கு வருவோம். டச், ரேடியோ இரண்டும் வேறு ஜாதி. லினக்ஸ் ஓடும், லுவா மொழியில் எழுதிய சொந்த நிரல் உண்டு, வண்ணத் திரையில் தானே மெனு வரையும். அதாவது கொஞ்சம் மூளை உள்ள பெட்டிகள். மூளை வந்தால் கூடவே தப்பும் வரும் அல்லவா? 7.7.3 வரையிலான அவற்றின் ஃபர்ம்வேரில், சர்வரின் பதிப்பு எண்ணை ஒப்பிடும் இடத்தில் ஒரு பிழை. எண் 7-ல் தொடங்கும் வரை யாருக்கும் தெரியவில்லை. எல்எம்எஸ் 8-ஆம் பதிப்பு வந்ததும் இந்தப் பெட்டிகள் கண்ணெதிரே நிற்கும் சர்வரைப் பார்த்து, இது நமக்கு ஒத்துவராது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டன. பெட்டியில் இருக்கும் பிழையைத் திருத்தலாம் என்றால், தயாரித்த நிறுவனம் என்றைக்கோ கையைக் கழுவிவிட்டது. படுக்கைக்குப் பக்கத்தில் அலாரத்துக்காக ஒரு ரேடியோவை வைத்திருப்பவர் ஃபர்ம்வேரைத் தோண்டிக்கொண்டு இருப்பாரா?

அதனால் சர்வரை எழுதுகிறவர்கள் வேறு வழி பார்த்தார்கள். இந்தப் பழைய பெட்டிகள் வந்து "உன் பதிப்பு என்ன?" என்று கேட்டால், சர்வர் 8 என்று சொல்லாது, 7.999.999 என்று சொல்லும். பையனின் வயதைக் குறைத்துச் சொல்லி பஸ்ஸில் அரை டிக்கெட் எடுப்பது மாதிரி! பெட்டியும் நம்பி உள்ளே விட்டுவிடும். நிரலுக்குள் அந்த எண் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது, ஏன் என்ற குறிப்போடு. பெரிய பெரிய கம்பெனிகள் "உங்கள் சாதனம் இனி ஆதரிக்கப்படாது" என்று ஒரு வரியில் முடித்துக்கொள்கிற இடத்தில், யாரோ உட்கார்ந்து யோசித்து ஒரு நல்ல பொய்யைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பிறகு ஆர்வலர்கள் ரேடியோவுக்குப் புது ஃபர்ம்வேரும் செய்து கொடுத்தார்கள், அது தனிக்கதை.

ஒப்பிட ஒன்று வேண்டுமென்றால் சோனோஸ். 2020 ஜனவரியில், பழைய மாடல்களுக்கு அந்த மே மாதத்தோடு புதுப்பிப்பு நிற்கும் என்று அறிவித்தது. அதற்கு முன்பே மறுசுழற்சி மோட் என்று ஒன்று வைத்திருந்தார்கள். புதிது வாங்கத் தள்ளுபடி வேண்டுமானால், நன்றாக வேலை செய்கிற பழைய பெட்டியை இனி யாருமே பயன்படுத்த முடியாதபடி முடக்கிவிட வேண்டும். வாடிக்கையாளர்கள் கத்திய கத்தில் அந்த முடக்கலைக் கைவிட்டார்கள். பழைய பெட்டிகளுக்கு எஸ்1 என்று தனி ஆப் கொடுத்துப் பாட மட்டும் விட்டார்கள். சோனோஸ் கெட்டது, ஸ்க்வீஸ்பாக்ஸ் நல்லது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம்தான். ஆனால் லாஜிடெக் ஒன்றும் தியாகி இல்லை. அதுவும் நிறுத்திவிட்டுப் போன கம்பெனிதான். சாவியை முதலிலேயே ஊருக்குக் கொடுத்துவிட்டதால் பூட்ட முடியவில்லை.

பூட்ட முடிந்த ஒரு கதவும் இருந்தது. மைஸ்க்வீஸ்பாக்ஸ் டாட் காம். வீட்டில் சர்வர் ஓட்டத் தெரியாதவர்களுக்காக லாஜிடெக் தன் செலவில் நடத்திய சேவை. ரேடியோவை வாங்கி, சமையலறையில் வைத்து, வைஃபையில் சேர்த்துவிட்டால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். 2024-ல் அதை மூடினார்கள். சர்வர் என்ற சொல்லையே கேட்டிராத மனிதர்கள் எத்தனையோ பேர், தினமும் காலையில் பேசிக்கொண்டிருந்த ரேடியோ ஒரு நாள் ஏன் பேசவில்லை என்று புரியாமல் நின்றிருப்பார்கள். அவர்களுக்கு இருக்கும் வழி ஒன்றுதான்: வீட்டில் சொந்தமாக எல்எம்எஸ் ஓட வேண்டும். ஒரு ராஸ்பெரி பை போதும், பிகோர்பிளேயர் என்ற இலவச மென்பொருளை மெமரி கார்டில் ஏற்றிப் போட்டால் சர்வரும் அதிலேயே ஓடும். தெரிந்தவருக்கு ஒரு மாலை நேர வேலை. எழுபது வயதில் தனியாக இருப்பவருக்கு? பேரனோ பேத்தியோ லீவுக்கு வரும்வரை ரேடியோ ஊமைதான். திறந்த நிரல் இருக்கிறது என்பதாலேயே எல்லோருக்கும் கதவு திறந்துவிடாது என்பதை ஆர்வலர்கள் கொஞ்சம் சுலபமாக மறந்துவிடுகிறார்கள்.

எல்எம்எஸ் பிடிக்காதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. பெட்டிகள் பேசும் அந்த ஸ்லிம்புரோட்டோ மொழி ரகசியம் இல்லை என்பதால் புது மென்பொருள்களும் அதைக் கற்றுக்கொண்டன. ரூன் என்ற விலை உயர்ந்த மென்பொருளில் ஸ்க்வீஸ்பாக்ஸ் ஆதரவு என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதை ஆன் செய்தால் பழைய பெட்டிகள் அதில் தெரியும். ஹோம் அசிஸ்டன்ட் பக்கத்திலிருந்து வந்த மியூசிக் அசிஸ்டன்டும் இதே மொழி பேசும். ஒரே எச்சரிக்கை: இரண்டு மென்பொருளை ஒரே கணினியில் ஓட்டினால் இரண்டும் அதே 3483-ஐக் கேட்டு அடித்துக்கொள்ளும். ஒரு வீட்டுக்கு ஒரு மாமியார் போதும்.

இத்தனை செய்தும் சர்வரால் தொட முடியாத இடம் வைஃபை. பெட்டி சர்வரை வந்து சேர்ந்தால்தானே சர்வர் உதவ முடியும்? 2003 பெட்டிக்கு 802.11பி-யும், டபிள்யூஇபி என்ற பழைய பூட்டும்தான் தெரியும். அந்தப் பூட்டு உடைக்கப்பட்டு வெகுகாலம் ஆகிவிட்டது, அதற்காக வீட்டு ரூட்டரைத் திறந்துவிடுவது அறிவீனம். பிறகு வந்தவற்றுக்கு டபிள்யூபிஏ2 தெரியும், ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். டபிள்யூபிஏ3-ல் மட்டும் இயங்கும்படி வைத்த புது ரூட்டர் இவற்றைக் கண்டுகொள்ளாது. ரூட்டரில் இரண்டும் கலந்த முறையை வைக்க வேண்டும், அல்லது வயர் இழுக்க வேண்டும். வயரே உத்தமம். பழையதாக வாங்க நினைப்பவர்கள் பின்பக்கத்தைத் திருப்பி ஈதர்நெட் துளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். டூயட்டோடு வந்த கன்ட்ரோலரில் அது கிடையாது.