மர்யமின் மகனுக்கு ஒரு பட்டம்

எருசலேமில் இருக்கும் பாறைக் குவிமாடத்தின் உட்புற வளைவுகளுக்கு மேலே, பொன்னிறச் சில்லுகள் பதித்த அரபு எழுத்துகள் எண்கோணமாகச் சுற்றி ஓடுகின்றன. கலீஃபா அப்துல் மலிக் காலத்தில், ஹிஜ்ரி 72இல், அதாவது கி.பி. 691–92இல் பதித்தவை. இஸ்லாமிய உலகம் எழுப்பிய முதல் பெருங்கட்டடங்களில் ஒன்று அது. இறைவன் ஒருவனே என்பதையும் முஹம்மது நபி அவனுடைய தூதர் என்பதையும் சொல்லும் அந்த எழுத்து, கணிசமான இடத்தை இன்னொருவருக்கு ஒதுக்கியிருக்கிறது. அவர் மர்யமின் மகன் ஈஸா, அதாவது இயேசு. வெறும் பெயராக அல்ல, ‘அல்மஸீஹ்’, அதாவது மெசியா என்ற பட்டத்தோடு அவர் அங்கே நிற்கிறார். அங்கிருந்து சுமார் அரைக் கிலோமீட்டர் நடந்தால் திருக்கல்லறைப் பேராலயம். மெசியா சிலுவையில் இறந்து, அடக்கமாகி, உயிர்த்தெழுந்த இடம் என்று கிறிஸ்தவர்கள் முழந்தாளிடும் இடம் அது. ஆள் ஒருவர்தான், பட்டமும் ஒன்றுதான். பட்டத்துக்குள் வைத்திருக்கும் நம்பிக்கை மட்டும் வேறு.

இந்த வேறுபாடு பல ஆண்டுகளாக என் மனத்தில் குடியிருக்கிறது. நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் வாழ்வில் எண்ணெய் கூடவே வரும். திருமுழுக்கில் குழந்தையின் உச்சியில் பூசுவார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் உறுதிப்பூசுதல். படுக்கையில் விழுந்தால் நோயில்பூசுதல். என் பாட்டி அதை அவஸ்தைப்பூசுதல் என்றே கடைசிவரை சொன்னார். புனித வாரத்தில் ஆயர் மந்திரித்துக் கொடுக்கும் கிறிஸ்மா தைலம் பங்குக்கோவிலுக்கு வந்து சேர்வதைச் சிறுவனாக எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மெசியா என்பதற்கு ஈடான கிறிஸ்து என்ற பட்டத்துக்கும் அந்தத் தைலத்துக்கும் வேர் ஒன்று என்பதை மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். எண்ணெய் பூசப்பட்டவர் என்பதே அந்தப் பட்டம்.

பழைய இஸ்ரயேலில் அது ஆட்சிக்கும் குருத்துவத்துக்கும் உரிய சடங்கு. வெள்ளைப்போளம், கருவாப்பட்டை, சுகந்த வசம்பு, இலவங்கப்பட்டை, ஒலிவ எண்ணெய் என்று தைலத்தின் சேர்மானமே விடுதலைப் பயண நூலில் இருக்கிறது. ஆரோனுக்கு ஊற்றினார்கள். சவுலுக்கு ஊற்றினார்கள். பெத்லகேமில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கடைசிப் பையன் தாவீதைக் கூப்பிட்டு வரச்சொல்லி, அண்ணன்மார் நடுவில் நிறுத்தி, சாமுவேல் தலையில் ஊற்றினார். எசாயா நூல் ஒரு படி மேலே போய், யூதரே அல்லாத பாரசீக அரசர் சைரஸையும் ஆண்டவரின் மெசியா என்று அழைக்கிறது. பாபிலோனில் அடிமைப்பட்டுக் கிடந்த மக்களை ஊர் திரும்ப விட்டவர் அவர். ஆக, அந்தப் பட்டம் தன்னளவில் ஒருவரைக் கடவுளாக்குவதில்லை. கடவுள் ஒருவரை ஒரு வேலைக்கென்று ஒதுக்கிக்கொண்டார் என்பதையே அது சொல்கிறது. இதைக் கிறிஸ்தவர்களாகிய நாங்கள் அடிக்கடி மறந்துபோகிறோம். ‘குர்ஆனே அவரை மஸீஹ் என்கிறதே, அப்படியானால் பாதி ஒப்புக்கொண்டாயிற்று’ என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். அது சரியான வாதம் அல்ல. இயேசு கடவுளின் மகன் என்ற எங்கள் அறிக்கை அவருடைய உயிர்ப்பிலிருந்து பிறந்தது. பட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அங்கே போய்ச் சேர முடியாது.

இயேசுவின் தலையில் எந்தக் குருவும் கொம்பிலிருந்து எண்ணெய் ஊற்றவில்லை. யோர்தான் ஆற்றில் தூய ஆவி இறங்கியதையே அவருடைய அருள்பொழிவாகத் திருச்சபை பார்க்கிறது. எண்ணெய் என்று பார்த்தால் பெத்தானியாவில் ஒரு பெண் விலையுயர்ந்த நறுமணத் தைலச் சிமிழை உடைத்து அவர் தலையில் ஊற்றினாள். அதையும் அவர் தம் அடக்கத்துக்கான ஆயத்தம் என்றார். அரசனுக்குரிய சடங்கு பிணத்துக்குரிய சடங்காக மாறிய அந்த இடத்தில்தான் கிறிஸ்தவ நம்பிக்கையின் உயிர் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அன்றைய மக்கள் எதிர்பார்த்தது இதை அல்ல. தாவீதின் வழியில் ஒருவர் வருவார், உரோமையரின் நுகத்தை முறிப்பார் என்று பலரும் காத்திருந்தார்கள். இயேசுவுக்கு நூறாண்டுகள் கழித்து, கி.பி. 132இல் உரோமுக்கு எதிராக வாளெடுத்த பர் கொக்பாவை ரபி அக்கிபா மெசியாவாக ஏற்றார். 135இல் அந்தக் கிளர்ச்சி இரத்தத்தில் முடிந்தது. யூதர்கள் இன்றும் காத்திருக்கிறார்கள்.

என் நண்பனின் வாப்பா மேலப்பாளையத்துக்காரர், ஓதிப் படித்தவர். அவரோடு உட்கார்ந்து பேசிய மாலைகளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். நான் இயேசு என்று சொல்லும்போதெல்லாம் அவர் ஈஸா அலைஹிஸ்ஸலாம் என்று ஸலாமையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடர்வார். ஒருமுறைகூட அதைச் சுருக்கியதில்லை. சிலுவையைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னார்: “தம்பி, ஈஸா நபியை நாங்க யாருக்கும் விட்டுக்குடுக்க மாட்டோம். அல்லாஹ்வே அவங்களை எதிரி கையில விட்டுக்குடுக்கலங்கிறதுதான் எங்க ஈமான்.”

அதன்பிறகு குர்ஆனின் தமிழ் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு மஸீஹ் வரும் இடங்களைத் தேடிப் படித்தேன். மொத்தம் 11 முறை வருகிறது. ஆலு இம்ரான், அந்நிஸா, அல்மாயிதா, அத்தவ்பா என்னும் நான்கு அத்தியாயங்களில். நான்கும் மதீனாவில் அருளப்பட்டவை. வானவர் மர்யமுக்கு நற்செய்தி சொல்லும் இடத்தில், பிள்ளை பிறக்கும் முன்பே அந்தப் பட்டம் வந்துவிடுகிறது. மற்ற இடங்களில் பெரும்பாலானவை கிறிஸ்தவர்களோடு நடக்கும் வழக்கு. மஸீஹ் இறைவனின் தூதர், அடியாராக இருப்பதை அவர் ஒருபோதும் இழிவாக நினைக்கமாட்டார், அவரும் அவருடைய தாயும் உணவு உண்டவர்கள், ஆகவே அவரை இறைவனாக்காதீர்கள் என்று அந்த வசனங்கள் உறுதியாகப் பேசுகின்றன. இதைப் படித்தபோது ஒன்று என்னைத் தொட்டது. வழக்கு இவ்வளவு கடுமையாக இருந்தும் பட்டத்தைப் பறிக்கவில்லை. மறுக்கிற வசனத்திலேயே மஸீஹ் என்ற மரியாதை நிற்கிறது. பல இடங்களில் அதையொட்டி ‘மர்யமின் மகன்’ என்பதும் நிற்கிறது.

பட்டத்தின் காரணத்தைக் குர்ஆன் விளக்கவில்லை. அதனால் உரையாசிரியர்கள் ஆளுக்கொரு விளக்கம் தந்தார்கள். அவர் தடவினால் நோயாளி குணமானார் என்பது ஒன்று. பாவம் துடைக்கப்பட்டவராகப் பிறந்தார் என்பது இன்னொன்று. ஓரிடத்தில் தங்காமல் பூமியெங்கும் நடந்தார் என்பது மற்றொன்று. அகராதி ஆசிரியர் ஃபைரூஸாபாதி இப்படி ஐம்பது கருத்துகளைத் திரட்டியதாகச் சொல்கிறார். ஐம்பதிலும் எனக்குப் பிடித்தது நோயாளியைத் தடவிய கை. நோயில்பூசுதலில் குருவின் விரல் நெற்றியைத் தொடும்போது எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எதை நம்பினார்களோ, அதற்கு மிக அருகில் இருக்கிறது அது.

வாப்பா சொன்னதை வைத்து நற்செய்தியை மறுபடி படித்தபோது பேதுரு புதிதாகத் தெரிந்தார். பிலிப்புச் செசரியாவில் நீர் மெசியா என்று அறிக்கையிட்ட அதே பேதுரு, இயேசு தாம் பாடுபட்டுக் கொல்லப்படப் போவதாகச் சொன்னதும் அவரைத் தனியே அழைத்துக் கடிந்துகொண்டார். கடவுள் தேர்ந்துகொண்டவருக்கு அப்படி ஒரு முடிவா என்ற பதைப்பு அது. அன்பிலிருந்து வரும் பதைப்பு. வாப்பாவின் குரலிலும் அதே பதைப்பைக் கேட்டேன். ஆனால் பேதுருவுக்குக் கிடைத்தது சாத்தானே, அப்பாலே போ என்ற அளவுக்குக் கடுமையான பதில். கிறிஸ்தவம் அந்தப் பதிலின் மேல் எழுந்தது: கொல்லப்பட்டதால்தான் அவர் மெசியா. இஸ்லாம் வேறு வழியில் போகிறது: இறைவன் தன் மஸீஹைக் கைவிடவில்லை, தன்னிடம் உயர்த்திக்கொண்டான். இதற்குப் பின்னால் பாசம் மட்டும் இல்லை, தெளிவான கொள்கையும் இருக்கிறது. ஒருவர் பாவச்சுமையை இன்னொருவர் சுமக்க முடியாது என்பது இஸ்லாத்தின் அடிப்படைப் போதனை. அப்படியிருக்க, உலகத்தின் பாவத்துக்காக ஒருவர் சாகவேண்டிய தேவையே அங்கு எழவில்லை.

எல்லா மதமும் ஒன்றையே சொல்கின்றன என்று இந்த இடத்தில் ஒரு பொன்னாடையைப் போர்த்திவிட்டுப் போவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வாப்பாவும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். சிலுவை நடந்ததா இல்லையா என்பது சிறிய விஷயம் அல்ல. அதை மழுப்பினால் இருவர் நம்பிக்கையையும் அவமதித்ததாகும்.

இருவரும் சேர்ந்து நிற்கும் இடமும் ஒன்று உண்டு. இருவரும் அவர் வருகைக்குக் காத்திருக்கிறோம். வாழ்வோரையும் இறந்தோரையும் தீர்ப்பிட வருவார் என்று நாங்கள் ஞாயிறுதோறும் விசுவாச அறிக்கையில் சொல்கிறோம். ஹதீஸ்களின்படி அவர் டமாஸ்கஸின் கிழக்கே வெள்ளை மினாராவின் அருகில் இறங்குவார், இறுதிக்கால வஞ்சகனான தஜ்ஜாலை லுத்து நகர வாயிலில் கொல்வார், சிலுவையை முறிப்பார், நீதியாக ஆள்வார், பிறகு எல்லா மனிதரையும்போல இறப்பார். டமாஸ்கஸ் உமையா பள்ளிவாசலில் ஈஸாவின் பெயரால் ஒரு மினாரா இன்றும் நிற்கிறது. அதே பள்ளிவாசலுக்குள் எஹ்யா நபி என்னும் திருமுழுக்கு யோவானின் நினைவிடமும் இருக்கிறது. 2001 மே மாதம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அங்கே சென்றார். பள்ளிவாசலுக்குள் சென்ற முதல் திருத்தந்தை அவர்.

நீங்கள் கிறிஸ்தவராக இருந்தால் ஆலு இம்ரான் அத்தியாயத்தில் 33ஆம் வசனம் முதல் 60 வரை ஒரு நல்ல தமிழ் மொழிபெயர்ப்பில் படியுங்கள். முஸ்லிமாக இருந்தால் மாற்கு நற்செய்தியின் 8ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். இரண்டும் சில பக்கங்கள்தான். புரியாத இடத்தைப் பக்கத்து வீட்டில் இருக்கும் அந்த நம்பிக்கைக்காரரிடமே போய்க் கேளுங்கள்.