எண்ணெய் மேலேறும் வரை

"படிப்பு ஏறாதவனைக் கராச்சுக்கு விடுங்கள்" என்பது எங்கள் ஆசிரியர் அறைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் அறிவுரை. கராச்சில் அறிவுக்கு வேலையில்லை என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. சென்ற மாதம் நான் கண்ட ஒரு காரியத்தை அவ்வெண்ணம் உடையோர் முன் வைக்க விரும்புகிறேன்.

இங்கிலாந்தில் 1948இல் பிறந்து, எங்கள் தெருக்களில் இன்றும் ஓடும் மொரிஸ் மைனர் கார் ஒன்று. அதன் எஞ்சினை முழுவதும் பிரித்துப் புதுப்பித்திருந்தார்கள். உடனே ஓட்டிப் பார்க்கத் துடித்தார் உரிமையாளர். முதிய மெக்கானிக் இசையவில்லை. புதிதாகப் பூட்டிய எஞ்சினின் எண்ணெய் வழிகள் கோடைக்கால வாய்க்கால்கள் போன்றவை; பம்பினுள்ளும் காற்றே நிற்கும். வறண்ட பம்பு கீழே தேங்கியுள்ள எண்ணெயை எளிதில் இழுக்காது. ஆதலால் பூட்டும்போதே அதனுள் எண்ணெய் வார்த்திருந்தார். இப்போது நான்கு பிளக்குகளையும் கழற்றச் சொன்னார். சென்ற ஆண்டு எம்மிடம் படித்து, பரீட்சையில் தவறிய பையன் அவற்றைக் கழற்றிவிட்டு, கைப்பிடியைக் கொடுத்து எஞ்சினைச் சுழற்றினான்.

"பிளக்கை ஏன் கழற்றினாய்?" என்றேன்.

"பெயரிங் இன்னும் காய்ஞ்சு கிடக்கு, சேர். இப்ப அதுக்குப் பாரம் குடுக்கக் கூடாது."

பின்னர் ஸ்ராட்டரால் விட்டுவிட்டுச் சுழற்றினார்கள். எண்ணெய் அமுக்க விளக்கு அணைந்தது. முதியவருக்கு அது போதவில்லை. வால்வுகளின் மேல்மூடியைத் திறந்து, எண்ணெய் கடைசியாக வந்துசேரும் ராக்கர் தண்டில் அது கசியும்வரை பார்த்திருந்தார்.

தாங்கிகளின் உராய்வை ஆராய்ந்த பீச்சம் டவர் என்ற ஆங்கிலேயர், 1883இல் ஒரு தாங்கியின் உச்சியில் துளையிட்டார். சுழன்ற தண்டு எண்ணெயை அத்துளைவழியே மேலே தள்ளியது. துளையில் இறுக்கிய அடைப்பானையும் வெளியேற்றியது. அதன் கணிதத்தை 1886இல் ஒஸ்போர்ன் ரெய்னோல்ட்ஸ் எழுதினார். ஓடும் தண்டு தாங்கியைத் தொடுவதில்லை. மயிரினும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிறது. அப்படலம் இல்லாத சில விநாடிகளே புதுத் தாங்கியைச் சுரண்டப் போதும். ரெய்னோல்ட்ஸின் பெயரை எழுதும் மாணவனுக்கு நாம் புள்ளி கொடுப்போம். பையன் சொன்ன விடைக்குக் கொடுக்க எம்மிடம் புள்ளியில்லை.

உரிமையாளரிடம் நீட்டிய கணக்கில் பாகங்களின் விலையும் வேலைக்கூலியும் இருந்தன. எண்ணெய்க்காகக் காத்த அரைமணி நேரம் இருக்கவில்லை. பையனுக்கு இன்னும் நாட்கூலி கிடையாது. மதியச் சோறும் பஸ் காசும் மட்டுமே. தொழில் பழகுகிறானாம்!