குடலை: காஞ்சிபுரத்து உணவகங்களில் ஒரு மூங்கில் கருவி

தென்னேரி, காஞ்சிபுரம் மாவட்டத்தில் வாலாஜாபாத்துக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் இடையே, பேரேரி ஒன்றின் கரையில் அமைந்த ஊராகும். அந்த ஏரியைச் சங்ககாலத்துக் காஞ்சி மன்னன் தொண்டைமான் இளந்திரையனோடு இணைத்துச் சொல்லும் மரபு உண்டு. அவனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை நோக்கிச் செல்லும் பாணனுக்கு வழியில் எந்தெந்தக் குடியிருப்பில் என்னென்ன உணவு கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே செல்வதால், தமிழகத்தின் வழிநடை உணவைப் பற்றி அறிய விரும்புவோர்க்கு அது முதன்மையான சான்று. வலைஞர் குடியிருப்பில் கள்ளும் சுட்ட மீனும், அந்தணர் இல்லத்தில் மிளகும் கறிவேப்பிலையும் கலந்து வெண்ணெயில் வெந்த மாதுளம்பிஞ்சும் மாவடு ஊறுகாயும் அப்பாட்டில் வரிசையாக இடம்பெறுகின்றன.

இன்று அந்த வட்டாரத்துச் சாலைகளில், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளின் ஷிப்டு வேலையாட்களை நம்பி நடக்கும் பிரியாணிக் கடைகளும், ஜிலேபி, கட்லா, விரால் போன்ற ஏரி மீன்களுக்கு மிளகாய்த்தூள் தடவிப் பொரித்துத் தரும் சிறு கடைகளும் பாணனின் வழித்துணையாகிய அக்குடியிருப்புகளின் இடத்தைப் பிடித்துள்ளன. அவை தனியே எழுதப்பட வேண்டியவை. காஞ்சிபுரம் நகருக்குள் நுழைந்தால், பட்டு வாங்கவும் கோயில் பார்க்கவும் வருவோர் உணவகங்களில் முதலில் கேட்பது ஊரின் பெயரைத் தாங்கிய இட்லியைத்தான். அந்த இட்லிக்கு உருவத்தையும் பதத்தையும் மணத்தையும் தருகிற குடலை என்னும் மூங்கில் கூடையும், அதை முடைவோரும் அந்த இட்லியின் புகழில் சிறு பங்கும் பெறாமல் இருப்பதே இங்கு ஆராயப்படுவது.

குடலை என்பது குறுகிய வாயும் நீண்ட உடலும் கொண்ட, உருளை வடிவான மூங்கில் கூடை. கோயிலுக்குப் பூப்பறித்துக் கொண்டுசெல்லும் பூக்குடலையும் இந்த வகையைச் சேர்ந்ததே. சின்னக் காஞ்சிபுரத்தில் உள்ள வரதராசப் பெருமாள் கோயிலின் மடைப்பள்ளியில், அதாவது இறைவனுக்கான உணவு ஆக்கப்படும் சமையற்கூடத்தில், இக்கூடைக்குள் மந்தாரை இலையைச் சுற்றிப் பரப்பி, மாவை ஊற்றி, பெரிய பாத்திரத்தின் ஆவியில் சுமார் மூன்று மணி நேரம் வேகவைக்கிறார்கள். வெந்து வெளிவரும் இட்லி ஏறத்தாழ ஒன்றரை அடி நீளத்தில் இருக்கும்; அதை வில்லைகளாக அறுத்தே அடியார்களுக்கு வழங்குவர். கோயில் இட்லி, குடலை இட்லி, காஞ்சிபுரம் இட்லி என்று மூன்று பெயர்களிலும் அழைக்கப்படுவது இதுவே.

இதன் சேர்மானத்தைப் பார்க்கும்போது ஒரு பழைமை புலப்படுகிறது. பச்சரிசி, உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை, நெய் அல்லது நல்லெண்ணெய், தயிர் ஆகியவற்றோடு இது முடிந்துவிடுகிறது. வெங்காயமும் இல்லை, போர்ச்சுகீசியர் வழியாக இந்நாட்டுக்கு வந்த மிளகாயும் இல்லை. கி.பி. 920 அளவில் எழுதப்பட்ட வட்டாராதனை என்னும் கன்னட நூலில் 'இட்டலிகெ' என்ற பண்டம் குறிப்பிடப்படுகிறது. சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசம், 'இட்டரிகா' என்ற உளுந்துப் பண்டத்துக்கு மிளகும் சீரகமும் பெருங்காயமும் சேர்க்கச் சொல்கிறது. உணவு வரலாற்றறிஞர் கே. டி. அச்சயா சுட்டியபடி, அந்தப் பழைய பண்டங்களில் அரிசியும் நீண்ட நேரம் புளிக்கவைத்தலும் ஆவியில் வேகவைத்தலும் காணப்படவில்லை என்பதால், அவற்றை இன்றைய இட்லியின் நேர் முன்னோர் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் மிளகு, சீரகம், பெருங்காயம் என்னும் அந்த மூன்றும் வெள்ளை இட்லியிலிருந்து மறைந்துபோன பின்னும் குடலை இட்லியில் நிலைத்திருப்பது கருதத்தக்கது.

மாவு அரைப்பது, கரைப்பது, புளிக்க விடுவது ஆகியவை வீட்டுச் சமையலறையில் நடப்பதிலிருந்து பெரிதும் வேறுபடவில்லை. மாவு ரவைப் பதத்தில் கரகரப்பாக இருக்க வேண்டும் என்பதும், தயிரின் புளிப்பு அளவோடு நிற்க வேண்டும் என்பதுமே இதில் கவனிக்க வேண்டியவை. சமையலாளர்களின் திறமை உண்மையில் வெளிப்படுவது அடுப்பின் முன்னால்தான். ஒன்றரை அடி உயரமுள்ள மாவுத்திரள் உள்நடு வரை வெந்து, மேற்புறம் நீர்கோத்துப் போகாமல் இறங்குவதென்றால், ஆவி கீழிருந்து மட்டும் ஏறினால் போதாது. பக்கங்களிலிருந்தும் நுழைய வேண்டும். மூங்கில் பத்தைகளின் இடுக்குகள் அந்த வழியைத் தருகின்றன. உலோகப் பாத்திரத்தின் சுவரில் ஆவி குளிர்ந்து நீர்த்துளியாக வழிந்து மாவின் விளிம்பைக் குழைத்துவிடும். மூங்கிலோ அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இலை மாவை ஒழுகவிடாமல் தாங்கி, வேகும் நேரம் முழுவதும் தன் மணத்தை அதற்குள் இறக்குகிறது. ஆகவே குடலையை வெறும் அச்சு என்று கருதுவது தவறு. அது சமையலின் ஒரு பகுதி.

இந்த உண்மையைப் பல உணவகங்கள் கைவிட்டுவிட்டன. சென்னையிலும் பிற நகரங்களிலும் காஞ்சிபுரம் இட்லி என்று உணவுப்பட்டியலில் அச்சிடப்படுவது, பெரும்பாலும் எவர்சில்வர் டம்ளரிலோ சாதாரண இட்லித் தட்டிலோ வேகவைத்த, மிளகும் முந்திரியும் தாளித்துச் சேர்த்த மாவுதான். காஞ்சிபுரத்திலேயே கூட, காலை நேரக் கூட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியாத சில கடைகள் இந்தக் குறுக்குவழியை எடுத்துள்ளன. மூன்று மணி நேர விறகும் ஆளும் பிடிக்கிற ஒரு பண்டத்தைப் பத்து நிமிடத்தில் ஆகிற பண்டத்தோடு அதே பெயரில் அதே தட்டில் வைப்பது உண்பவரை ஏமாற்றுவதாகும். அதனினும் பெரிய தீங்கு, குடலைக்கான தேவையையே அது இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

குடலை முடைவது எளிதான வேலையும் அன்று, விரைவான வேலையும் அன்று. காய்ந்த மூங்கில் நேராகப் பிளக்காது என்பதால், பச்சை மூங்கிலையே வாங்கி, நீண்டநாள் வைத்திராமல் பிளக்க வேண்டும். முதலில் கணுக்களைச் சீவி, மூங்கிலை நெட்டாகப் பிளந்து, பிறகு ஒவ்வொரு பிளவையும் கத்தியால் மெல்லிய பத்தைகளாக உரிக்கிறார்கள். பச்சை நிறத் தோலோடு கூடிய வெளிப்பத்தை வலுவானது. உட்புறப் பத்தை மென்மையானது, எளிதில் ஒடிவது. அடிப்பாகத்தில் நட்சத்திரம்போல் விரியும் பத்தைகளை மேல்நோக்கி வளைத்து நிறுத்தி, அவற்றுக்கு ஊடே மெல்லிய பத்தைகளைக் குறுக்காக ஓட்டி வருவதுதான் முடைதல். காலால் அடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரு கைகளாலும் பத்தையை இழுத்து இறுக்கும்போது, இறுக்கம் கூடினால் ஆவி நுழையாது, குறைந்தால் மாவின் பாரம் தாங்காமல் கூடையின் வயிறு தள்ளிவிடும். இந்த இடைப்பட்ட பதத்தை எந்த அளவுகோலும் காட்டித்தருவதில்லை. பத்தை விரலில் உரசும்போது கை அதை அறிந்துகொள்கிறது. அந்த அறிவின் விலையாக, மூங்கில் சிராய் ஏறி ஏறித் தழும்பேறிய உள்ளங்கையும், தரையில் நாள் முழுதும் குந்தியிருந்து பழகிய முதுகுவலியும் அவர்களுக்குக் கிடைக்கின்றன. கூடை முடைவோரில் பெண்களே மிகுதி. பத்தை உரிப்பதை ஆண்களும், முடைவதைப் பெண்களும் செய்வது பல குடும்பங்களில் வழக்கமாக உள்ளது.

தொடர்ந்து ஆவியில் நிற்கும் கூடை நெடுநாள் உழைப்பதில்லை. பத்தைகள் தளர்ந்து கறுத்ததும் அதை மாற்றியாக வேண்டும். ஆகவே குடலையைப் பயன்படுத்தும் ஒவ்வொரு சமையற்கூடமும், முடைவோருக்கு ஓயாத வேலை தரக்கூடிய வாடிக்கையாகும். ஆனால் அந்த வாடிக்கை மட்டும் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றாது. முன்பு மீன் சந்தைக்கும் காய்கறி மண்டிக்கும் திருமண வீட்டுக்கும் சோறு வடிப்பதற்கும் கூடைகள் வேண்டியிருந்தன; அந்த இடங்களை எல்லாம் பிளாஸ்டிக் கிரேட்டும் டப்பும் பிடித்துக்கொண்டன. பெரிய சந்தையை இழந்த தொழிலாளர், சிறிய ஒரு பண்டத்துக்கான கூடையை மட்டும் நம்பி மூங்கில் வாங்கி வைத்திருக்க இயலாது என்பதே இத்தொழிலின் உண்மையான நெருக்கடி.

இலையின் கதையும் இதற்கு நெருக்கமானது. வடதமிழக உணவகங்களில் பார்சல் கட்டவும் பரிமாறவும் காய்ந்த மந்தாரை இலைகளை ஈர்க்குச்சியால் தைத்த தையல் இலைகள் நீண்டகாலம் பயன்பட்டுவந்தன. பின்னர் பாலித்தீன் உறையும் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் வந்தன. தமிழ்நாடு அரசு ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களை 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்தபோது, தையல் இலைக்கு மறுவாழ்வு வரும் என்று எதிர்பார்க்க இடம் இருந்தது. வந்தது என்று சொல்ல இயலாது. பாக்கு மட்டைத் தட்டும் அலுமினியம் ஒட்டிய உறையும் இயந்திர வேகத்தில் அந்த இடத்தை நிரப்பின. காட்டில் இலை பறித்து, காயவைத்து, அடுக்கிக் கட்டும் மலையோரப் பெண்களுக்குக் கிடைப்பது கட்டுக்கு இவ்வளவு என்று வியாபாரி சொல்லும் தொகை; நகரத்து உணவகத்தில் 'இலையில் பரிமாறப்படும்' என்று விளம்பரம் எழுதி அதற்குக் கூடுதலாகப் பெறும் தொகை வேறு.

மூங்கிலின் பொருளாதாரம் இதைவிடக் கொடியது. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம், தாவரவியலில் புல் இனத்தைச் சேர்ந்த மூங்கிலை மரம் என்று வகைப்படுத்தியிருந்ததால், தனியார் நிலத்தில் வளர்ந்த மூங்கிலை வெட்டவும் கொண்டுசெல்லவும்கூட அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப்பொருளாக ஏற்று, காடுவாழ் மக்களுக்கு அதன்மேல் உரிமை தந்தது. 2017இன் இறுதியில் செய்யப்பட்ட திருத்தம், காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரம் என்னும் வரையறையிலிருந்து நீக்கியது. தொண்ணூறு ஆண்டுகளாகச் சட்டம் இவ்வாறு நின்றதன் விளைவு என்னவென்றால், காட்டின் ஏலத்துக்கும் கூடை முடையும் திண்ணைக்கும் இடையே சீட்டு வாங்கவும் லாரி பிடிக்கவும் முதல் போடவும் வல்ல இடைத்தரகர்கள் வலுப்பெற்றதுதான். சட்டம் மாறிய பின்னும் அவர்கள் இடத்தை விட்டுப் போய்விடவில்லை. ஒற்றைக் கழியாக மூங்கில் வாங்குவோர் மொத்தமாக வாங்குவோரைவிட அதிகம் கொடுக்கிறார்கள். கொடுக்க இயலாதோர் முன்பணம் பெற்றுக்கொண்டு, முடைந்த கூடையை முன்பணம் தந்தவர் சொன்ன விலைக்கே ஒப்படைக்கிறார்கள். மூலப்பொருளின் விலையையும் முடிந்த பொருளின் விலையையும் ஒரே ஆள் தீர்மானிக்கும் இடத்தில், முடைவோரின் உழைப்பு என்பது கணக்கிலேயே சேராத ஒன்றாகிவிடுகிறது. இதைச் சந்தையின் இயல்பு என்று சொல்லி நியாயப்படுத்துவோர், அந்தச் சந்தையில் பேரம் பேசும் உரிமை ஒரு தரப்புக்கு மட்டுமே இருப்பதை மறைக்கிறார்கள்.

உணவகத்தின் பில்லில் இட்லிக்கு ஒரு விலை இருக்கிறது, அதன்மேல் சரக்கு மற்றும் சேவை வரி இருக்கிறது, சில இடங்களில் பார்சல் பெட்டிக்குத் தனிக் கட்டணமும் இருக்கிறது. எறிந்துவிடப்படும் பெட்டிக்குக் கட்டணம் கேட்கத் தெரிந்த வணிகத்துக்கு, இட்லிக்கு அதன் தன்மையையே தரும் கூடைக்கு நியாயமான விலை கொடுக்கத் தெரியாமல் போனது ஏன் என்ற கேள்வி எழுவது இயல்பு. கோயிலின் பெயரையும் ஊரின் பெயரையும் முதலாக வைத்து வணிகம் செய்வோர்க்கு, அந்தப் பெயரை உண்டாக்கிய கைகளிடம் கடன் உண்டு.

இதே ஊரின் பட்டுத் தொழிலோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005இல் புவிசார் குறியீடு, அதாவது ஒரு பொருளின் பெயரைக் குறிப்பிட்ட நிலப்பகுதியில் உருவாகும் சரக்குக்கு மட்டும் உரியதாக்கும் சட்டப் பாதுகாப்பு, கிடைத்தது. நெசவாளர்களுக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் உள்ளன; பாவும் ஊடும் சரிகையும் அவற்றின் வழியாக வருகின்றன, நெய்த சேலையை அவையே வாங்குகின்றன. அந்த அமைப்பிலும் குறைகள் பல. விசைத்தறிப் போலிகளை அது முழுவதும் தடுக்கவில்லை, நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்துத் தறிகள் பல ஓய்ந்துபோனதையும் தடுக்கவில்லை. ஆனால் நெசவாளர் தரகரை விட்டுச் சென்று சேர்வதற்கு ஓர் இடம் இருக்கிறது. மூங்கில் முடைவோருக்கு அந்த வலிமையுள்ள இடம் எதுவும் அமையவில்லை. பழனி பஞ்சாமிர்தம் 2019இல் புவிசார் குறியீடு பெற்றதைப் பார்த்துக் கோயில் உணவுகளுக்கெல்லாம் அத்தகைய குறியீடு வேண்டும் என்று கேட்போர், குறியீடு விற்பவரின் பெயரைக் காக்கும், கருவி செய்பவரின் கூலியைக் காக்காது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

2019இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, வரதராசப் பெருமாள் கோயிலில் 48 நாள்கள் நடந்த அத்திவரதர் சிலைத் தரிசனத்தின்போது, 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் அந்தக் காட்சிக்காகத் திரண்ட மக்களுக்குச் சோறு போட்டுக் காஞ்சிபுரத்து உணவகங்கள் இடைவிடாமல் இயங்கின. அத்தகைய கூட்டத்துக்குக் கூடையில் இட்லி வேகவைப்பது இயலாத காரியமே, அதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. ஆனால் ஆண்டின் மற்ற நாள்களில், முகூர்த்தச் சேலை எடுக்க வரும் குடும்பங்கள் நிதானமாக உட்கார்ந்து உண்ணும் காலைகளில், குடலையைத் திரும்பக் கொண்டுவருவது இயலக்கூடியது. இதற்கு வேண்டியவை பெரியவை அல்ல: கோயிலும் உணவகங்களும் ஆண்டுக்கு வேண்டிய கூடைகளின் எண்ணிக்கையை முன்கூட்டியே சொல்லி, முடைவோர் குழுக்களிடம் நேரடியாக வாங்குவது, மூங்கிலை ஒற்றைக் கழியாக அன்றி மொத்தமாக வாங்க அந்தக் குழுக்களுக்கு வங்கிக் கடன் கிடைக்கச் செய்வது, கூடையில் வேகாததைக் குடலை இட்லி என்று உணவுப்பட்டியலில் எழுதாமல் இருப்பது. இவற்றுள் மூன்றாவதற்கு அரசாணையும் தேவையில்லை, கடனும் தேவையில்லை. உணவக உரிமையாளர்கள் நாளைக் காலையே அதைச் செய்யலாம்.