நிற்காத வண்டி

எங்கள் அம்மா ஓசூரிலிருந்து காசிக்குக் காரில் போய் வந்தாள். வழியெல்லாம் அவள் சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை. ரத்தக்கொதிப்புக்காக டாக்டர் எழுதிக்கொடுத்திருந்த நீர் மாத்திரையையும் போடவில்லை. இரண்டுக்கும் காரணம் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. போகப் போக என்னை நானே காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பேன் என்று எனக்குத் தெரியும்.

ஓசூர்க்காரனுக்குத் தூரப் பயணப் பைத்தியம் பிடிப்பதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். நாட்டின் இரண்டு பெரிய சாலைகள் சேர்ந்தே எங்கள் ஊரைக் கடக்கின்றன. ஸ்ரீநகரில் கிளம்பிக் கன்னியாகுமரிக்குப் போகும் 44 ஒன்று. டெல்லியில் கிளம்பி ஜெய்ப்பூர், மும்பை வழியாகச் சென்னைக்குப் போகும் 48 இன்னொன்று. பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் இரண்டுக்கும் ஒரே தார்தான். அதன் பிறகு ஒன்று தர்மபுரி, சேலம் பக்கம் திரும்பும். மற்றது பர்கூர் வழியாக வாணியம்பாடிக்குப் போகும். சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வெளியே டீக்கடையில் நின்றால் பஞ்சாப், அரியானா, நாகாலாந்து நம்பர் போட்ட டிரெய்லர்கள் வரிசையாகப் போகும். அவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்குப் பிடித்தது. கார் வாங்கிய பிறகு ஸ்பிட்டிக்கும் போனேன், கட்ச் உப்புப் பாலைக்கும் போனேன். அந்தப் பயணங்களின் படங்கள் போனில் இருக்கின்றன. அவற்றில் முக்கால்வாசி வண்டியின் மீட்டர் பலகைதான்: இத்தனை கிலோமீட்டர், இத்தனை மணி நேரம், சராசரி வேகம் இவ்வளவு. ஸ்டேட்டஸில் போடுவதற்காக எடுத்தவை.

என் குறை அதுதான். வண்டியில் ஏறிவிட்டால் எனக்கு நிறுத்தப் பிடிக்காது. கூகுள் மேப் சொல்லும் நேரத்தைவிடப் பத்து நிமிடமாவது முன்னால் போய்ச் சேர வேண்டும். யாராவது 'கொஞ்சம் நிறுத்துங்க' என்றால் வாயால் 'சரி' என்பேன், கால் ஆக்சிலரேட்டரை விட்டு வராது. 'அடுத்த பங்க்ல நிறுத்துறேன்' என்பேன். அடுத்த பங்க் வலது பக்கம் இருக்கும். அதற்கடுத்தது அழுக்காக இருக்கும் என்று நானே முடிவு செய்துவிடுவேன். பெட்ரோல் பங்குகளில் வண்டிக்காரர்களுக்குக் கழிப்பறையும் குடிநீரும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த விதி எனக்கு நன்றாகவே தெரியும். அதைக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லிப் பேர் வாங்கியிருக்கிறேன்.

ஒரு காலத்தில் அம்மாவுக்கு ஒரு வழி இருந்தது. சேலம் பக்கம் போகும்போது கிருஷ்ணகிரி டோல்கேட்டில் நீளமாக வரிசை நிற்கும். அவள் அங்கேயே இறங்கி ஓரமாக இருக்கும் கழிப்பறைக்குப் போய்விட்டு, வண்டி கேட்டைத் தாண்டுவதற்குள் அந்தப் பக்கம் வந்து ஏறிக்கொள்வாள். நான் நிறுத்தியதாகவும் ஆகாது, அவள் கேட்டதாகவும் ஆகாது. 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமானது. வரிசை கரைந்தது. அரை நிமிடத்தில் டோல்கேட்டைத் தாண்டிய அன்று நான் ஸ்டீயரிங்கைத் தட்டிச் சந்தோஷப்பட்டேன். பின் சீட்டில் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு எது போயிற்று என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

காசிப் பேச்சு அப்பா காலத்திலிருந்தே வீட்டில் உண்டு. 2010இல் தேசிய நெடுஞ்சாலைகளின் எண்களை மாற்றும் வரை எங்கள் ஊர்ச் சாலைக்கு எண் ஏழு. வாரணாசியில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிந்த சாலை, 2,369 கிலோமீட்டர். 'இப்படியே வடக்க போனா காசி, இப்படியே தெக்க போனா குமரி' என்று அப்பா பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு கையைக் காட்டிச் சொல்வார். அவர் எந்தப் பக்கமும் போகாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் அம்மாவுக்கு ரயில் பிடிக்கவில்லை. அப்பா கை காட்டிய சாலையிலேயே போக வேண்டும் என்றாள். எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

ஒரு மாசி மாதம், விடிவதற்கு வெகு முன்னால் கிளம்பினோம். பெங்களூர் விழிப்பதற்குள் அதைத் தாண்டிவிட வேண்டும் என்பது என் திட்டம். ஆந்திர எல்லையைத் தொட்டதும் லேபாட்சிக்குத் திரும்பும் இடம் வந்தது. நெடுஞ்சாலையிலிருந்து பதினைந்து கிலோமீட்டர்தான். தரையில் முழுதாகப் படியாமல் தொங்கும் தூணும், ஒற்றைக் கல்லில் செதுக்கிய பெரிய நந்தியும் உள்ள ஊர். மனைவி பலகையைப் படித்தாள். 'திரும்பி வரப்போ பாத்துக்கலாம்' என்றேன். பெனுகொண்டா கோட்டை, குத்திக் கோட்டை, கர்நூலில் துங்கபத்திரை என்று ஒவ்வொன்றுக்கும் அதே பதிலைச் சொன்னேன். அனந்தபூர் பக்கத்துப் பாறை மலைகள் எங்கள் சூளகிரி மலையின் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி மாதிரி இருந்தன என்று அம்மா பிறகு அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவற்றைப் பார்த்ததாக நினைவில்லை. பெங்கங்கையைத் தாண்டி மகாராஷ்டிரத்துக்குள் நுழைந்தபோது மண் கறுப்பாக இருந்ததையும் அவள் சொல்லித்தான் கவனித்தேன்.

நாக்பூருக்கு முன்னால் சாலையோரம் ஒரு தமிழ்நாட்டு லாரி நின்றது. டிரைவரும் கிளீனரும் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் டி.என். 70 நம்பரைப் பார்த்துவிட்டு டிரைவர் எழுந்து இரண்டு கையையும் ஆட்டினார். நான் ஹாரன் அடித்துவிட்டுப் போனேன். நாடு முழுக்க ஓட்டியே பிழைக்கிறவருக்கு நிற்க நேரம் இருந்தது, லீவு போட்டுவிட்டுப் போன எனக்கு இல்லை.

நாக்பூரிலிருந்து சியோனி போகும் வழியில் பெஞ்ச் புலிகள் காப்பகம் வருகிறது. அங்கே காட்டு விலங்குகள் சாலையில் அடிபடாமல் கடப்பதற்காகச் சாலையைத் தூக்கிக் கட்டி, அடியில் ஒன்பது இடங்களில் வழி விட்டிருக்கிறார்கள். புலிகள் அவற்றின் வழியே போவதைக் கேமராக்கள் படம் பிடித்திருக்கின்றன. இதை நான் காரில் உற்சாகமாக விளக்கிக்கொண்டே வந்தேன். புலியின் தேவைக்காக ஒரு நெடுஞ்சாலையையே மாற்றிக் கட்டியிருக்கிறார்கள் என்று புகழ்ந்த அந்த நேரத்தில், எழுபது வயதைத் தாண்டிய ஒருத்தி பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

லக்னாதோனில் 44ஐ விட்டுப் பிரிந்து ஜபல்பூருக்குத் திரும்பினோம், பழைய ஏழாம் எண் வழியில். நர்மதைப் பாலம் வந்தது. 'அம்மா, இதான் நர்மதை' என்றேன். அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்து கை கூப்புவதற்குள் பாலம் முடிந்து மறுகரை வந்துவிட்டது. கூப்பிய கையை அப்படியே வைத்துக்கொண்டு பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள். 'காசியிலதான் கங்கை இருக்கே' என்று நான் சமாதானம் சொன்னேன். அதைவிட மட்டமான பேச்சை வாழ்க்கையில் நான் பேசியதில்லை.

இரவு தங்கும் இடத்தில் பைகளை இறக்கும்போது ஒன்று கவனித்தேன். காலையில் நிரப்பிய தண்ணீர் பாட்டில்கள் அநேகமாக அப்படியே இருந்தன. உண்மையைச் சொல்கிறேன்: எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நம் வீட்டுப் பெண்கள் நீண்ட பயணத்துக்குப் பழகிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போதும் லேபாட்சி பார்க்கவில்லை. ஊர் வந்த இரண்டொரு நாளில் அம்மாவின் கால்கள் வீங்கின, மூச்சு வாங்கியது. டாக்டர் மாத்திரை அட்டையை எடுத்துவரச் சொன்னார். நீர் மாத்திரை அட்டையில் பயண நாட்களுக்கான மாத்திரைகள் அத்தனையும் உடைக்கப்படாமல் இருந்தன. 'வண்டியில போறப்ப அதப் போட்டா அடிக்கடி இறங்கணும். அதான் போடல' என்று அம்மா அவரிடம் சொன்னாள், தன் தப்பைச் சொல்வதைப் போல. டாக்டர் என்னைப் பார்க்காமல் எழுதிக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் கத்தினேன், 'உனக்குத் தெரியாதா, சொல்லக் கூடாதா' என்று. 'சொன்னா மட்டும் நிறுத்தியிருப்பீங்களா?' என்றாள். அவளும் மகளும் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. என் காரில் நான் ஒருவன்தான் தாகம் தீரக் குடித்திருக்கிறேன். ஆண்பிள்ளைக்கு எந்தப் புளியமரமும் போதும்.

இதற்கு எனக்கு ஒரு நல்ல சாக்கு உண்டு, பலரிடம் சொல்லியிருக்கிறேன். நான் வேலை செய்வது வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில். லைன் நின்றால் ஆண்டான் விளக்கு சிவப்பாக எரியும், மணி அடிக்கும், எத்தனை நிமிடம் நின்றது, யாரால் நின்றது என்று மறுநாள் காலைக் கூட்டத்தில் கேட்பார்கள். இருபது வருடமாக நிற்காமல் ஓட்டுவதற்குத்தான் சம்பளம். அந்தப் பழக்கம் சாலைக்கும் வந்துவிட்டது என்பேன். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். ஆனால் அதே லைனில் என் பக்கத்தில் நிற்கும் நண்பன் ராயக்கோட்டைக்குப் போவதற்குள் மூன்று டீக்கடையில் நிறுத்துகிறவன். கம்பெனி எங்கள் இருவருக்கும் ஒன்றுதான். 'ஓசூர்ல கிளம்பினவன் நாக்பூர்லதான் இறங்கினேன்' என்று கேண்டீனில் சொல்லும்போது நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களே, அந்தச் சுகத்துக்காக ஓட்டினேன். அந்தச் சுகத்துக்கான விலையைப் பின் சீட்டில் இருந்தவர்கள் கொடுத்தார்கள்.

ஊருக்குப் பக்கத்தில் இருப்பதையும் நான் நின்று பார்த்ததில்லை. பர்கூர் வட்டத்தில் மயிலாடும்பாறை இருக்கிறது. அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டசபையில் அறிவித்தார்கள். நாலாயிரத்து இருநூறு வருடத்து இரும்பு. இரும்பை வைத்துச் சோறு தின்னும் நான், சென்னை போகும்போதெல்லாம் பர்கூரை நூறு கிலோமீட்டர் வேகத்தில் தாண்டியிருக்கிறேன்.

இப்போது திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை போனில் அலாரம் வைத்திருக்கிறேன், அடித்தால் நிறுத்துகிறேன். ஆனால் இன்ஜினை அணைப்பதில்லை. ஏசிக்காக என்று சொல்லிக்கொள்கிறேன். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் அம்மா முழங்கால் வலியோடு வேகவேகமாக நடந்து வருவதை ஒருநாள் மகள் எனக்குச் சுட்டிக்காட்டினாள்.

போன மாதம் அம்மா தர்மபுரியில் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். 'நான் கொண்டுபோய் விடுறேன்மா' என்றேன். 'வேண்டாம் சாமி, பஸ்லயே போய்க்கிறேன். கிருஷ்ணகிரி ஸ்டாண்டுல பத்து நிமிஷம் நிக்கும்' என்றாள். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டிலைத் திறந்து நிறையத் தண்ணீர் குடித்தாள். அதைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்துக்கு முன்னால் மனதில் வந்தது வேறொன்று: காரில் போயிருந்தால் முக்கால் மணி நேரம் மிச்சமாகியிருக்குமே.