எரித்தால்தான் மானியமா?

மக்களே, கடலுக்குப் போகிறவனுக்கு அரசு உதவக் கூடாது என்று நான் சொல்லவில்லை. குமரிக் கடற்கரையில் கடியப்பட்டணத்தில் பிறந்து கட்டுமரத்தில் தொழில் படித்தவன் அப்படிச் சொல்லமாட்டான். எதற்கு உதவுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

துடுப்பும் பாயும் இருந்த காலத்தில் கரையில் தெரியும் மலை முகட்டையும் கோயில் உச்சியையும் அடையாளம் வைத்து, கடலடிப் பாறைத் திட்டான பாரைக் கண்டுபிடித்துத் தூண்டில் போடுவோம். அங்கே மீன் குறைந்துவிட்டால் பிறகு அந்தப் பக்கம் போகமாட்டோம். வெறுங்கையோடு திரும்புவதற்கு யார் அவ்வளவு தூரம் துடுப்புப் போடுவது? இஞ்சினும் மானியத்தில் மலிவு எண்ணெயும் வந்ததும் அந்தக் கணக்கு மாறிப்போனது. மீன் அருகிய இடத்திலும் அரிக்கலாம் என்றானது. இஞ்சின் வருஷத்துக்கு வருஷம் பெருத்தது.

இந்த மாற்றம் நேற்று வந்ததல்ல. 1953-ல் கேரளத்தில் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் நார்வே நாட்டு உதவித் திட்டம் தொடங்கியது. சிறு மீனவனை உயர்த்தத்தான் வந்தார்கள். இறாலுக்கு வெளிநாட்டில் விலை ஏறியதும் கடனும் மானியமுமாக இழுவைமடிப் படகுகள்தான் பெருகின. அந்த மடியைத் தட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கொஞ்சம் இறால், கொஞ்சம் கணவாய். மீதியெல்லாம் விரல் நீளக் குஞ்சுகள், நண்டுப்பொடி, உடைந்த சிப்பி. அந்தக் குவியல் அற்ப விலைக்குக் கோழித்தீவன ஆலைக்குப் போகிறது. வளரவிட்டிருந்தால் நம் வலைக்கு வந்திருக்கும் மீன் அது.

2023 ஆகஸ்டில் மண்டபம் மீனவர் மாநாட்டில் விசைப்படகுக்கு ஆண்டுக்கு 19,000 லிட்டர் மானிய டீசல், இயந்திர நாட்டுப்படகுக்கு 4,400 லிட்டர் என்று தமிழக அரசு அறிவித்தது. கடல் இளைப்பாறும் தடைக்காலத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 8,000 ரூபாய். எரிக்கிறவனுக்குக் கிடைக்கும் தாராளம், கடலுக்குப் போகாமல் காக்கிறவனுக்கு இல்லை.

நம் ஊரில் மட்டும் நடக்கிற காரியமல்ல இது. 2018-ல் உலக நாடுகள் மீன்பிடிக்குக் கொடுத்த மானியம் ஏறக்குறைய 3,540 கோடி டாலர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அதில் பாதிக்கு மேல், கடல் தாங்காத அளவுக்குப் பிடிக்கத் தூண்டும் பணம். உலக வர்த்தக அமைப்பு 2022-ல் ஜெனீவாவில் செய்த மீன்வள மானிய ஒப்பந்தம் 2025 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. ஏழை மீனவனுக்காக, மானியத்தை நிறுத்த இந்தியா 25 ஆண்டு அவகாசம் கேட்டு வாதாடியது. அது நியாயம்தான். ஆனால் ஏழை பெயரில் வாங்கும் அவகாசத்தில் பெரிய இஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றக் கூடாது.

சங்கக் கூட்டத்தில் லிட்டரைக் கூட்டிக் கேட்பதை விடுங்கள். தடைக்கால நிவாரணத்தைக் கூட்டச் சொல்லுங்கள். 3 கடல் மைலுக்குள் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது என்கிற 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தை நம் கரையில் நடத்திக்காட்டச் சொல்லுங்கள்.